பழைய கோழிங்க கூட புதுக் குஞ்சை எப்படிச் சேர்க்கறது? வட சென்னை வாசகர்களோட கேள்விகளுக்குப் பதில்

இந்த தடவை வட சென்னை பக்கத்துலேர்ந்து வந்த கேள்விங்க பெரும்பாலும் ஒரே விஷயத்துலதான் வந்து நிக்குது. வீட்ல ஏற்கெனவே நாலஞ்சு கோழி இருக்கு, புதுசா குஞ்சு வாங்கியாச்சு, ரெண்டையும் எப்படி ஒண்ணா விடறது. குஞ்சுங்க நிறைய சாகறது இந்த இடத்துலதான், அதுவும் கொஞ்சம் பொறுமையா இருந்தா காப்பாத்தியிருக்கக் கூடிய குஞ்சுங்க. அதனால மத்த கேள்வி எல்லாம் அடுத்த இதழுக்கு.

கேள்வி: அக்கா, எங்க வீட்டு பின்னாடி 5 நாட்டுக்கோழியும் ஒரு சேவலும் இருக்கு. செங்குன்றத்துலேர்ந்து ஒரு மாசக் குஞ்சு 8 வாங்கிட்டு வந்து நேரா உள்ள விட்டோம். ஒரு பெட்டை போய் ஒரு குஞ்சோட மண்டைலயே கொத்தி தோல் கிழிஞ்சு ரத்தம் வந்துடுச்சு. மீதி எல்லாம் மூலைல ஒண்டிகிட்டு தீனிக்கே வர மாட்டேங்குது. ரெண்டு நாள் விட்டா பழகிடும்னு மாமியார் சொல்றாங்க, பழகிடுமா? — கொடுங்கையூர் வாசகி

பதில்: பழகாதுமா, இன்னைக்கே எல்லா குஞ்சையும் தனியா எடுத்துடுங்க. ரத்தம் வந்த குஞ்சை மத்த குஞ்சுங்க கிட்டேர்ந்தும் பிரிச்சு வைங்க, ஏன்னா கோழிக்கு சிவப்பைப் பார்த்தா கொத்தணும்னு தோணும், கூடப் பொறந்த குஞ்சே வந்து கொத்தும். கொதிக்க வெச்சு ஆறின தண்ணில காயத்தைத் துடைச்சுட்டு மஞ்சத்தூளை வேப்பெண்ணெய்ல குழைச்சுப் போடுங்க, ரத்தச் சிவப்பும் மறையும் ஈயும் உக்காராது. தோல் பெருசா கிழிஞ்சு உள்ள தெரியுதுன்னா மட்டும் டாக்டர் கிட்ட போயிடுங்க, வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி உங்களுக்கு கிட்டதானே.

உங்க மாமியார் சொல்றது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அவங்க ஊர்ல பார்த்தது தாய்க்கோழி கூட வர்ற குஞ்சை. அம்மா ரெக்கையை விரிச்சுகிட்டு நிக்கும்போது எந்தக் கோழியும் கிட்ட வராது, வந்தா அது ஓட ஓட விரட்டும். கடைல வாங்கின குஞ்சுக்கு அந்த அம்மா இல்ல. அந்த ஒரு வித்தியாசம்தான் இங்க எல்லாமே.

கோழிக் கூட்டத்துல யாரு பெரியவ, யாரு முதல்ல தின்னணும், யாரு எந்தக் கொம்புல உக்காரணும்னு ஒரு வரிசை இருக்கும். நார்வே நாட்டு விஞ்ஞானி ஷெல்டெரப் எப்பே சின்ன வயசுலேர்ந்து வீட்டுக் கோழிங்களையே உக்காந்து பார்த்து இந்தக் கொத்து வரிசையைப் பத்தி 1921-ல எழுதினாரு. புதுசா யார் வந்தாலும் அந்த வரிசை கலையும், கலைஞ்சா சண்டை போட்டுத்தான் திரும்ப சரியாகும். சம அளவு கோழின்னா நாலு கொத்து கொத்திகிட்டு முடிச்சுக்கும். ஒரு மாச நாட்டுக்குஞ்சு கால் கிலோ தேர்றதே கஷ்டம், உங்க பெட்டை ஒன்றரை கிலோ இருக்கும், அந்தக் கொத்தை குஞ்சோட மண்டை தாங்காது. அதனால வயசை மட்டும் பார்க்காதீங்க, உடம்பு அளவைப் பாருங்க, பெரிய கோழில முக்கால் பங்காவது வளரட்டும். நாட்டுக்கோழி மெதுவா வளர்றதால அதுக்கு மூணு மாசத்துக்கு மேலயே ஆகும்.

மூணு மாசம் தனித்தனியா வெச்சா அப்புறம் எப்படிப் பழகும்னு கேப்பீங்க. தனியா வைங்க, ஆனா கண்ணுக்குத் தெரியற மாதிரி வைங்க. பழைய கோழிங்க இருக்கற அதே இடத்துல ஒரு ஓரமா அரை இஞ்ச் வெல்டு மெஷ் அடிச்சு குஞ்சுங்களை உள்ள விட்டுடுங்க. ரெண்டு பக்கமும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கும், சத்தம் கேக்கும், வலை வழியா சண்டைக்கு வரும், ஆனா ரத்தம் வராது. தீனித் தட்டை ரெண்டு பக்கமும் வலைக்கு ஒட்டி வைங்க, பக்கத்துல பக்கத்துல நின்னு தின்னா அதுங்களுக்கே இது நம்ம கூட்டம்னு ஆகிடும். இந்தப் பார்த்துப் பழகற காலத்தை ரெண்டு வாரத்துக்குக் குறைக்கவே கூடாது, மூணு நாலு வாரம் இருந்தா இன்னும் நல்லது.

அப்புறம் சேர்க்கற நாள். காலைல சேர்க்காதீங்க. சாயங்காலம் கூட்டுக்குப் போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, நீங்க அங்கயே இருக்கும்போது, கீரைத் தண்டு, முட்டைக்கோஸ் இலை, கொஞ்சம் கம்பு எல்லாம் பரவலா எறிஞ்சுட்டு வலையைத் திறந்து விடுங்க, பெருசுங்க வாய் வேலைல இருக்கும்போது சின்னதுங்க மெதுவா வெளிய வரும். இருட்டறதுக்குள்ள திரும்ப பிரிச்சுடுங்க. நாலஞ்சு நாள் இப்படிப் பண்ணிட்டு, ரத்தம் வர்ற சண்டை இல்லைன்னா ஒரு நாள் ராத்திரி எல்லாம் கொம்புல உக்காந்ததுக்கு அப்புறம் புதுசுங்களை ஒவ்வொண்ணா தூக்கி பக்கத்துல உக்கார வெச்சுடுங்க, கோழிக்கு இருட்டுல கண்ணு சரியா தெரியாது, சண்டைக்கு வராது. ஆனா மறுநாள் விடியறதுக்கு முன்னாடி நீங்க எழுந்து போய் கூட்டைத் திறந்தாகணும், ராத்திரி சேர்த்துட்டு எட்டு மணி வரைக்கும் பூட்டி வெச்சா உள்ளயே கொத்தி வாங்கிடும், ஓட இடம் இருக்காது.

ஓட இடம்னதும் இன்னொண்ணு. முட்டுச் சந்து மாதிரி மூலை எதையும் விட்டு வைக்காதீங்க. ஒரு மரப்பலகையை செவுத்துல சாய்ச்சு ரெண்டு பக்கமும் வெளிய போற மாதிரி வைங்க, பழைய பிளாஸ்டிக் கிரேட்ல ரெண்டு பக்கம் ஓட்டை போட்டு கவுத்து வைங்க, ஓட்டை நாலு இஞ்சுக்கு இருந்தா சின்னது நுழையும் பெருசு நுழையாது. தீனியும் தண்ணியும் ரெண்டு மூணு இடத்துல, ஒரு இடத்துல நின்னா இன்னொண்ணு தெரியாத மாதிரி தள்ளித் தள்ளி. ஒரு வீரமான பெட்டை ஒரு தட்டுக்குத்தான் காவல் நிக்க முடியும்.

ஒரு கொத்து, ரெண்டு அடி விரட்டல், அதோட விட்டுட்டா அது சாதாரணம், ஓடிப் போய் நடுவுல புகாதீங்க. கீழ அமுக்கி வெச்சு கொத்துது, ரெண்டு மூணு சேர்ந்து ஒண்ணை அடிக்குது, ரத்தம் வருதுன்னா உடனே பிரிங்க. ராத்திரி கொம்புல இருக்கும்போது ஒவ்வொரு குஞ்சோட தீனிப்பையையும் தொட்டுப் பாருங்க, கழுத்துக்குக் கீழ வலது பக்கம் உருண்டையா கெட்டியா இருக்கணும். காலியா இருந்தா பகல் பூரா அதைத் தின்ன விடலைன்னு அர்த்தம். ஒரே ஒரு பெட்டைதான் ரவுடித்தனம் பண்ணுதுன்னா குஞ்சைப் பிரிக்காதீங்க, அந்தப் பெட்டையை நாலஞ்சு நாள் மத்த கோழிங்க கண்ணுல படாம தனியா கட்டுங்க. திரும்பி வரும்போது அதுதான் புது ஆளு, வாலாட்டாது.

கேள்வி: எங்க வீட்டு பின்பக்கம் பத்துக்கு ஆறு அடி கூட தேறாது. நாலு கோழி கீது. வலை அடிச்சு ரெண்டாப் பிரிச்சா அதுங்க நிக்கவே எடம் இருக்காது, இன்னா பண்றதுன்னே தெரில்ல. — வியாசர்பாடி வாசகர்

பதில்: கோழியைக் கவுத்து வைக்கற கூடை, பஞ்சாரம் இருக்கே சார். கடைல மூங்கில் பஞ்சாரமோ கம்பி பஞ்சாரமோ எது கிடைச்சாலும் வாங்குங்க, நம்ம முன்னோர் எந்தப் புஸ்தகமும் பார்க்காம கண்டுபிடிச்சு வெச்ச பார்த்துப் பழகற வலை அதுதான். பகல்ல குஞ்சுங்களை அதுக்குள்ள கவுத்து பழைய கோழிங்க நடமாடற இடத்துக்கு நடுவுல வெச்சுடுங்க, ராத்திரி எடுத்து அட்டைப்பெட்டியிலயோ மரப்பெட்டியிலயோ வீட்டுக்குள்ள. மேல ஒரு செங்கல் வெக்க மறக்காதீங்க, பூனை தள்ளி விட்டுடும். வெயில் நகர நகர பஞ்சாரத்தையும் நிழலுக்கு நகர்த்தணும், உள்ள இருக்கற குஞ்சு தானா நிழலுக்கு ஓட முடியாது. அகலமான மூங்கில் சந்து இருந்தா பெரிய கோழி வெளியேர்ந்தே மூக்கை விட்டுக் கொத்தும், அப்போ கீழ் பக்கம் மட்டும் சுத்தி மீன் வலைத் துண்டு கட்டிடுங்க, காசிமேட்டு பக்கம் கேட்டா பழைய வலை கிடைக்கும்.

ஆனா மனசுல பட்டதைச் சொல்லிடறேன். அறுபது சதுர அடில நாலு கோழி தாராளமா இருக்கும், எட்டு கூட சமாளிக்கலாம், அதுக்கு மேல வேணாம். இடம் நெருக்கினா எந்த முறையில சேர்த்தாலும் கொத்து நிக்காது, எறகைப் புடுங்கித் தின்ன ஆரம்பிக்கும், அந்தப் பழக்கம் வந்துட்டா நிறுத்தறது ரொம்ப கஷ்டம். மொட்டை மாடி இருந்தா வளர்ற குஞ்சுங்களை அங்க வெச்சுக்கலாம், ஆனா தகர ஷீட் போட்டா அதுக்கு மேல தென்னை ஓலை போடணும், தரைல வெறும் சிமெண்ட்ல விடாம உமியோ மரத்தூளோ மூணு இஞ்ச் பரப்பணும்.

கேள்வி: அக்கா, எங்க சிறுவிடைக் கோழி அடைக்கு உக்காந்திருக்கு, முட்டை கூமுட்டை ஆயிடுச்சுன்னு நினைக்கிறேன். கடைல ஒரு நாள் குஞ்சு வாங்கி அதுக்கு அடில வெச்சா ஏத்துக்குமா? — திருவொற்றியூர் வாசகி

பதில்: ஏத்துக்கும்மா, சரியா பண்ணா இதை விட நல்ல வழியே கிடையாது. லைட்டும் வேணாம் வலையும் வேணாம், கொத்து வரிசைக்குள்ள குஞ்சைக் கூட்டிட்டுப் போற வேலையை அந்தத் தாயே பார்த்துக்கும். ஆனா ரெண்டு விஷயம் பொருந்தணும். கோழி அடைல உக்காந்து ரெண்டு வாரமாவது ஆகியிருக்கணும், 21 நாளை நெருங்கிட்டா இன்னும் நல்லது, நேத்து உக்காந்த கோழிக்கு அம்மா மனசு இன்னும் வந்திருக்காது. குஞ்சு பொரிச்சு ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள இருக்கணும், மூணு நாள் தாண்டிடுச்சுன்னா குஞ்சு அதை அம்மான்னு நினைக்காது, ஓடும். ஒரு வாரக் குஞ்சை வாங்கிட்டு வந்து வெச்சுட்டு கோழி ஏத்துக்கலைன்னு கோழி மேல பழி போடறவங்க நிறைய பேர் இருக்காங்க.

நல்லா இருட்டினதுக்கு அப்புறம் டார்ச் அடிக்காம போங்க. பின்பக்கமா கையை விட்டு ஒரு முட்டையை எடுங்க, ஒரு குஞ்சை வைங்க, இப்படியே மெதுவா மாத்துங்க. கையைக் கொத்தும், பரவால்ல. எல்லாம் வெச்சதுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் காது குடுத்துக் கேளுங்க, தொண்டைக்குள்ளயே கொக் கொக்னு தாழ்ந்த சத்தம் வந்தா ஏத்துகிச்சு. விடியக்காலைல கட்டாயம் போய்ப் பாருங்க, குஞ்சைக் கொத்தித் தள்ளுதுன்னா உடனே எல்லாத்தையும் எடுத்து பல்பு போட்டு சூடு குடுக்கற லைட் பெட்டிக்கு மாத்தணும், அதுக்கு பெட்டி முன்னாடியே தயாரா இருக்கட்டும். சிறுவிடை சின்ன உடம்பு, எட்டு பத்து குஞ்சுக்கு மேல ரெக்கைக்குள்ள அடங்காது.

தாயையும் குஞ்சையும் முதல் ஒரு வாரம் பத்து நாள் தனியா அடைச்சு வைங்க. அப்புறம் வெளிய விட்டா மத்த பெட்டைங்க ஒதுங்கிப் போயிடும். சேவலைப் பத்தி பயப்பட வேணாம், பெரும்பாலான சேவல் குஞ்சைக் கண்டுக்காது, சிலது தீனி கூட கூப்பிட்டுக் குடுக்கும். நீங்க கவனிக்க வேண்டிய நேரம் ஒன்றரை ரெண்டு மாசம் கழிச்சு வரும், தாய்க்கோழி திடீர்னு குஞ்சுங்களைக் கொத்தி விரட்ட ஆரம்பிக்கும், திரும்ப முட்டைக்கு வரப் போகுதுன்னு அர்த்தம். அந்த நாள்லேர்ந்து குஞ்சுங்களுக்கு பாதுகாப்பு கிடையாது, அதனால கொடுங்கையூர் வாசகிக்கு சொன்ன அந்த நாலு இஞ்ச் ஓட்டை, ரெண்டு மூணு தீனித் தட்டு எல்லாம் அப்போ தயாரா இருக்கணும்.

கேள்வி: என் பையன் ஸ்கூல் வாசல்ல கலர் கோழிக்குஞ்சு ஆறு வாங்கிட்டு வந்தான். ரெண்டு செத்துடுச்சு, மீதி நாலு நல்லாதான் இருக்கு, ஒண்ணு மட்டும் அப்பப்போ தும்முது. எங்க வீட்டு கோழிங்க கூட விடலாமா? — புளியந்தோப்பு வாசகர்

பதில்: இப்ப விடாதீங்க சார். தயவு செஞ்சு விடாதீங்க. கொத்துல சாகறது ஒண்ணு ரெண்டு, நோய் வந்தா கூட்டமே போயிடும், அந்த பயம் எனக்கு எப்பவும் உண்டு.

கலர் குஞ்சுங்க பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்துல பொறந்த சேவல் குஞ்சுங்க, முட்டை போடாதுங்கறதால பண்ணைக்கு வேணாம், சாயத்துல முக்கி ரோட்ல விக்கறாங்க. தடுப்பு மருந்து எதுவும் பார்த்திருக்காது, பட்டினி, வெயில், கூடைல நெரிசல் எல்லாம் பட்டுட்டு வந்திருக்கும். மூர் மார்க்கெட் மாதிரி பல ஊர் பறவை ஒண்ணா அடைஞ்சு கிடக்கற எடத்துல வாங்கினாலும் இதே எச்சரிக்கைதான். முப்பது நாள் தனியா வைங்க. தனியான்னா பக்கத்து கூண்டு இல்ல, மாடியோ வீட்டோட இன்னொரு பக்கமோ. தினம் முதல்ல பழைய கோழிங்களுக்கு தீனி தண்ணி எல்லாம் முடிச்சுட்டு கடைசியா இந்தக் குஞ்சுங்க கிட்ட போங்க, அதுக்குன்னு ஒரு செருப்பு, ஒரு தண்ணி டப்பா, வந்ததும் சோப் போட்டு கை கழுவணும், பையனுக்கும் சொல்லிக் குடுங்க.

தும்மற குஞ்சைத்தான் ரொம்ப கவனிக்கணும். மூக்குல சளி, கண்ணு வீக்கம், மூச்சு விடும்போது கறகறன்னு சத்தம் இருந்தா அது நாள்பட்ட சளி நோயா இருக்கலாம், அது வெளில பார்க்க சரியானாலும் கோழி உடம்புக்குள்ளயே தங்கி மத்ததுக்கு பரவும். அந்த மாதிரி குஞ்சை டாக்டர் பார்த்து சொல்லாம கூட்டத்துல சேர்க்காதீங்க.

அடுத்தது வெள்ளைக் கழிச்சல். ராணிக்கெட் நோய்னு சொல்வாங்க, 1920-கள்ல நம்ம நாட்டுல ராணிக்கெட்ங்கற மலை ஊர்ல கண்டுபிடிச்சதால அந்தப் பேர். பச்சையும் வெள்ளையுமா கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், கழுத்து திருகிக்கும், வந்துட்டா மருந்து கிடையாது. அதனால தடுப்பு மருந்து ஒண்ணுதான் வழி, குஞ்சுக்கு ஒரு வாரத்துக்குள்ள கண்ணுல இல்லைன்னா மூக்குல ஒரு சொட்டு, நாலு வாரத்துல இன்னொரு தடவை, எட்டு வாரத்துல ரெக்கைக்கு அடில ஊசி. புதுசா வர்ற குஞ்சுக்கு மட்டும் போட்டா பத்தாது, உங்க பழைய கோழிங்களுக்கும் போட்டிருக்கணும், ஏன்னா யாரு யாருக்கு குடுப்பாங்கன்னு சொல்ல முடியாது. மருந்து பாட்டில் நூறு டோஸ் இருநூறு டோஸா வரும், கலக்கினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிச்சாகணும், அதனால தெருவுல கோழி வளர்க்கறவங்க எல்லாம் ஒரு நாள் பேசி வெச்சு ஒண்ணா போட்டுக்குங்க, ஐஸ் வெச்ச பிளாஸ்க்லதான் மருந்தை எடுத்துட்டு வரணும். சில மருந்தை தண்ணில கலந்து குடுக்கச் சொல்வாங்க, அப்போ மெட்ரோ வாட்டரை நேரா ஊத்தாதீங்க, அதுல இருக்கற குளோரின் மருந்தையே கொன்னுடும். கால்நடைத் துறை வழக்கமா பிப்ரவரில கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்தறாங்க, கிட்ட இருக்கற கால்நடை மருந்தகத்துல தேதி கேட்டு வைங்க. மாதவரம் பால்பண்ணைல இருக்கற கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தீனியா தின்னக் குடுக்கற குருணை வடிவத் தடுப்பு மருந்தே கண்டுபிடிச்சிருக்காங்க, ஊசி போட ஆள் கிடைக்காதவங்க அதை விசாரிக்கலாம்.

அம்மையும் விட்டுடாதீங்க. பக்கிங்காம் கால்வாய் ஓரமா இருக்கற நம்ம ஏரியாவுல கொசுவைப் பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, கோழி அம்மையைப் பரப்பறதுல கொசுவுக்கு பெரிய பங்கு உண்டு. ஆறேழு வாரத்துல ரெக்கைத் தோல்ல அம்மைத் தடுப்பு குத்திடுங்க, ராத்திரி குஞ்சுப் பெட்டிக்கு கொசு வலை போடுங்க. செத்த ரெண்டு குஞ்சை என்ன பண்ணீங்கன்னு தெரியல, இனிமே எது செத்தாலும் கால்வாய்லயோ குப்பைத் தொட்டிலயோ போடாம ஆழமா குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதைங்க.

பையன் கிட்ட கோபப்படாதீங்க. நாலு உயிரை காப்பாத்தணும்னு கேக்கறான்ல, அந்த முப்பது நாள் கணக்கை காலண்டர்ல அவனையே குறிக்கச் சொல்லுங்க.

கேள்வி: குஞ்சும் பெரிய கோழியும் ஒண்ணா இருந்தா எந்தத் தீனி போடறது? லேயர் தீவனம் மூட்டை வாங்கி வெச்சிருக்கோம். அப்புறம் மார்க்கெட் மீன் தலை, குடல் எல்லாம் போடலாமா? — தண்டையார்பேட்டை வாசகி

பதில்: லேயர் தீவனத்தை குஞ்சு தின்னக் கூடாதுமா. முட்டை ஓட்டுக்காக அதுல சுண்ணாம்புச் சத்து மூன்றரை நாலு சதவீதம் இருக்கும், வளர்ற குஞ்சுக்கு ஒரு சதவீதம் போதும், தொடர்ந்து தின்னா சிறுநீரகம் கெட்டுப் போகும். பிரிச்சுப் போட்டா ஒண்ணோடதை ஒண்ணு தின்னும், அதனால சேர்ந்திருக்கற காலம் பூரா எல்லாருக்கும் குரோயர் தீவனம், அதாவது வளர்ற கோழிக்கான தீவனம் போடுங்க, முட்டை போடற கோழிக்கு மட்டும் கிளிஞ்சலை நல்லா நொறுக்கி தனித் தட்டுல உயரமா வைங்க. தேவைப்படற கோழி தானா வந்து தின்னும், குஞ்சு பெருசா கண்டுக்காது. பழவேற்காடு பக்கத்துலேர்ந்து வர்ற கிளிஞ்சல் நம்ம கடைங்கள்லயே கிடைக்கும். மூட்டைல மிச்சம் இருக்கற லேயர் தீவனத்தை பெருசுங்களை தனியா அடைக்கற நேரத்துல போட்டு தீர்த்துடுங்க, தூக்கிப் போட வேணாம்.

மீன் போடலாம், வேக வெச்சு, முள்ளு எடுத்து, கொஞ்சமா, வாரத்துல ரெண்டு நாள். பச்சையா குடலோட கொட்டினா நாத்தம், ஈ, அதுக்குப் பின்னாடியே பெருச்சாளி. கருவாடு வேணவே வேணாம், அந்த உப்பு குஞ்சைக் கொன்னுடும்.

தண்ணித் தட்டு ஆழமா இருந்தா சின்னக் குஞ்சு விழுந்து செத்துடும், உள்ள கூழாங்கல் போட்டு வைங்க. தண்ணி சிந்தி கீழ இருக்கற உமி ஈரமானா அன்னிக்கே அள்ளிடுங்க, ரத்தக் கழிச்சலுக்கு ஈரம்தான் வீடு. பெரிய கோழி எச்சத்துல அந்தக் கிருமி இருக்கும், அதுக்கு ஒண்ணும் ஆகாது, மூணுலேர்ந்து ஆறு வாரக் குஞ்சு அதைக் கொத்தித் தின்னா ரத்தமா கழிஞ்சு ரெண்டு நாள்ல போயிடும். எச்சத்துல சிவப்பைப் பார்த்தா கை வைத்தியம் பார்த்துகிட்டு இருக்காம அப்பவே டாக்டர் கிட்ட மருந்து வாங்குங்க, இதுக்கு நல்ல மருந்து இருக்கு, காப்பாத்தலாம்.

கேள்வி: பெருச்சாளி ஒரே ராத்திரில மூணு குஞ்சைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. பச்சை கலர் கோழி வலைதான் அடிச்சிருக்கோம். — எர்ணாவூர் வாசகர்

பதில்: அந்த அறுகோண வலை கோழி வெளிய போகாம இருக்கத்தான் சார், பெருச்சாளி உள்ள வராம இருக்க இல்ல. அது கடிச்சே பிச்சுடும். அரை இஞ்ச் வெல்டு மெஷ் போடுங்க, செவுத்துல மட்டும் இல்ல, தரைக்குக் கீழயும் ஒரு அடி இறக்கிப் புதைக்கணும், இல்லைன்னா அடியில தோண்டிகிட்டு வரும். இன்னும் நல்லது கூட்டையே செங்கல் மேல ரெண்டு அடி தூக்கி வெக்கறது, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல நம்ம பக்கம் தண்ணி எப்படி நின்னுச்சுன்னு பார்த்தோமே, ரெண்டுக்கும் சேர்த்து அது உதவும். ராத்திரி தீனியை கூட்டுக்குள்ள விட்டு வைக்காதீங்க.

கேள்வி: எட்டுல ஏழு போய் ஒரே ஒரு குஞ்சு மிச்சம், ரெண்டரை மாசம் ஆகுது. ஆறு பெரிய கோழி இருக்கு. தனியா சேர்க்கலாமா? — ராயபுரம் வாசகி

பதில்: ஒத்தையா சேர்க்காதீங்கமா, ஆறு பேரோட கோபமும் அது ஒண்ணு மேலதான் விழும். அதே வயசுல ரெண்டு மூணு வாங்கி தனிமைல வெச்சு, நோய் இல்லைன்னு தெரிஞ்சதும் முதல்ல இதோட பழக விட்டு, அப்புறம் கூட்டமா சேர்த்துடுங்க. வாங்க வழியில்லைன்னா தலைகீழா பண்ணுங்க, ஆறுல ரொம்ப சாதுவான ஒரு பெட்டையைப் பிரிச்சு இந்தக் குஞ்சோட ஒரு வாரம் தனியா வைங்க, அதுங்க ரெண்டும் சிநேகம் ஆனதும் ரெண்டையும் சேர்த்தே உள்ள விடுங்க.

கேள்வி: குஞ்சுக்கு எத்தனை நாள் லைட் போடணும்? வெயில் காலத்துல சேர்க்கலாமா, மழைலயா? — மணலி வாசகர்

பதில்: முதல் வாரம் பெட்டிக்குள்ள 35 டிகிரி, வாரா வாரம் மூணு டிகிரி குறைக்கணும்னு கணக்கு. நம்ம ஊர் மே மாசத்துல பகல்ல வெளியவே அதைத் தாண்டும், அப்போ லைட் போட்டா வெந்து போயிடும், ராத்திரி மட்டும் பாருங்க. குஞ்சுங்க லைட்டுக்கு அடில ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா குளிருது, மூலைக்கு ஓடி வாயைத் திறந்து ரெக்கையை விரிச்சா சூடு, பரவலா படுத்திருந்தா சரி. எல்இடி பல்பு சூடு தராது, பழைய குண்டு பல்பு 60 வாட்ஸ் வாங்குங்க. எறகு பூரா முளைக்கற அஞ்சு ஆறு வாரத்துல நிறுத்திடலாம்.

சேர்க்கறதை அக்னி நட்சத்திரத்துலயும் ஐப்பசி கார்த்திகை அடை மழைலயும் வெச்சுக்காதீங்க. வெயில்ல விரட்டு வாங்கி ஓடற குஞ்சு மூச்சு வாங்கியே விழுந்துடும், மழைல எல்லாம் ஒரே கூரைக்கு அடில ஒதுங்கி நெருக்கடில கொத்திக்கும். தை மாசிதான் நல்ல காலம், அதுக்கு ஏத்த மாதிரி ஐப்பசில குஞ்சு வாங்குங்க.

கேள்வி: நீங்க சொன்ன மாதிரியே வலை போட்டு மெதுவா சேர்த்தோம், சண்டை இல்ல. ஆனா பெரிய கோழிங்க முட்டை குறைஞ்சுடுச்சு, தினம் மூணு வர்ற இடத்துல ஒண்ணுதான் வருது. — பெரம்பூர் வாசகி

பதில்: வரிசை கலைஞ்சு திரும்ப அடுக்கற நேரத்துல முட்டை குறையறது சகஜம்மா, ஒரு வாரம் பத்து நாள்ல திரும்ப வந்துடும். முட்டைக் கூடையை மட்டும் பாருங்க, புதுசுங்க அதுல போய் ஒளிஞ்சுகிட்டு படுத்துக்கும், பெட்டைக்கு போட இடம் இல்லாம வேற எங்கயாவது மறைவா போட்டிருக்கும், விறகு அடுக்கு, மாடிப்படி அடி எல்லாம் தேடுங்க. இன்னும் ஒரு கூடை சேர்த்து வெச்சா போதும். ரெண்டு வாரம் தாண்டியும் வரல, ஓடு இல்லாம தோல் முட்டை விழுது, கழிச்சலும் பச்சையா இருக்குன்னா அது புதுக் குஞ்சு வந்த கலவரம் இல்ல, அன்னிக்கே டாக்டர் கிட்ட காட்டிடுங்க.